ஆவுளியாவுக்கு வால் எப்படி இருக்கும்?

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம் எங்கள் வீடு. அப்பா அய்யனார் கோயில்களுக்குக் குதிரை செய்தவர். நான் கோபுரப் பொம்மையில் கை பழகி, 38 வருடமாகச் சுதை வேலை பார்க்கிறேன். கடந்த சில வருடங்களாகப் பேருந்து நிறுத்தம், பள்ளிக்கூடம், பூங்கா, ரவுண்டானா என்று மக்கள் நடமாடும் இடங்களில் கடல் உயிர்களைச் செய்து வைப்பதுதான் என் முக்கால்வாசி வேலை. அதைப் பற்றிப் போன இதழில் ஒரு குறிப்பு வந்ததும் வாசகர்கள் எழுதிய கடிதங்களை ஆசிரியர் மொத்தமாகக் கட்டி அனுப்பிவைத்தார். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எந்த ஊர் ரவுண்டானாவைப் பார்த்தாலும் இரண்டு டால்பின், நடுவில் நீரூற்று. நம் மாவட்டத்துக்கென்று வேறு உயிரே இல்லையா ஐயா?
— வாசகர், ராமநாதபுரம்

நிறையவே இருக்கிறது. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் உள்ள 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அமைத்தார்கள். 1989-இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் ஆனது. பவளப்பாறை, கடல்புல், ஆவுளியா என்கிற கடல் பசு, ஆமை, கடல் குதிரை, சங்கு எல்லாம் நம் வாசலில் கிடக்கின்றன.

அப்படியிருந்தும் டால்பினே வந்து நிற்பதற்குக் காரணம் அச்சு. ஃபைபர் பட்டறைகளில் டால்பின் அச்சு எப்போதும் தயாராக இருக்கும். ஒருமுறை அச்சு எடுத்துவிட்டால் எத்தனை வேண்டுமானாலும் வார்க்கலாம். வேலை எடுத்தவர் போன் போட்டால் ஒரு வாரத்தில் லாரியில் வந்து இறங்கிவிடும். நீலச் சாயம் அடித்து, வாலில் நிற்க வைத்து, போல்ட் முடுக்கினால் வேலை முடிந்தது. அந்த ஊரில் யாரையும் எதையும் கேட்கத் தேவையில்லை. எனக்கு வருத்தம் அந்த இடத்தில்தான்.

டால்பினும் நம் கடலில் உண்டு. ஓங்கில் என்போம். பாம்பன் பக்கம் அது போவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதுகு மட்டும் வளைந்து எழும், புஸ்ஸென்று ஒரு மூச்சு, உள்ளே போய்விடும். அடுத்த மூச்சுக்குக் கொஞ்ச தூரம் தள்ளி எழும். நான் ஒரு பூங்காவில் அதை அப்படியேதான் செய்தேன். தரையிலிருந்து மூன்று முதுகு எழுகிறது, நடுவில் உள்ளது குட்டி. தலையும் இல்லை, வாலும் இல்லை. பெரிய முதுகு இரண்டடி உயரம். சாயங்காலம் பெண்கள் அதன் மேல் உட்கார்ந்து பேசுகிறார்கள், குட்டியின் மேல் குழந்தைகள் குதிரை ஓட்டுகிறார்கள். செலவு ஃபைபர் டால்பினில் பாதிகூட ஆகவில்லை.

உங்கள் ஊருக்கே ஒன்று சொல்லட்டுமா? ராமநாதபுரத்தை ஒட்டிய சக்கரக்கோட்டைக் கண்மாய் 2025-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. உடன் சேர்ந்தது தேர்த்தங்கல் பறவைகள் சரணாலயம். மழை பெய்த வருடங்களில் அங்கே கூழைக்கடா வந்து இறங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். பேருந்து நிறுத்தக் கூரையின் விளிம்பில் அந்தப் பையலகு தொங்க ஒரு கூழைக்கடா உட்கார்ந்திருந்தால், அதைப் பார்க்கிறவர் தன் கண்மாயைத்தான் நினைப்பார்.

எங்கள் பள்ளி முகப்பில் கடல் பசு சிலை வைக்கப் பெற்றோர்கள் பணம் திரட்டியிருக்கிறார்கள். இணையத்தில் எடுத்த படத்தைக் கொத்தனாரிடம் கொடுத்துவிட்டோம். கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?
— ஆசிரியை, தங்கச்சிமடம்

டீச்சர், கொத்தனார் கம்பி கட்டத் தொடங்குவதற்கு முன் அந்தப் படத்தில் வாலைப் பாருங்கள். இன்றைக்கே பாருங்கள்.

வால் வட்டமாக, துடுப்புப் பலகை போல இருந்தால் அது நம் ஆவுளியா இல்லை. மானட்டி என்று அதற்குச் சொந்தக்கார இனம் ஒன்று அமெரிக்கக் கண்டத்துக் கரைகளிலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் இருக்கிறது. இணையத்தில் கடல் பசு என்று தேடினால் அதன் படமும் கலந்து வரும். நம் ஆவுளியாவுக்கு ஓங்கிலைப் போலப் பிளந்த வால். மானட்டியில் பல வகைக்குக் கைத்துடுப்பில் நகம் இருக்கும், ஆவுளியாவுக்குக் கிடையாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் முதன்முதலில் செய்த ஆவுளியாவுக்கு வட்ட வால்தான் வைத்தேன். காலண்டர் படம் ஒன்றைப் பார்த்து, ஒரு பூங்காவில், ஒன்பதடி நீளத்துக்குச் செய்தேன். திறந்து வைத்து நாலைந்து நாள் இருக்கும். கடலில் காலமெல்லாம் வலை இழுத்த ஒரு பெரியவர் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். சிலையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். வாலுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார்.

“தம்பி, இது என்னது?”

“ஆவுளியா, ஐயா.”

“ஆவுளியா வாலு கவட்டையால்ல இருக்கும். இது அகப்பையாட்டம் இருக்கு. இதப் பாத்து வளர்ற புள்ளைக்கு, நாளைக்கு நெசமானது வலையில வந்தா எப்பிடிப்பா அடையாளம் தெரியும்?”

அவர் திட்டவில்லை. கேட்டுவிட்டுப் பேரனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது.

அடுத்த தை மாதம் கரையில் ஓர் ஆவுளியா இறந்து ஒதுங்கியிருக்கிறது என்று தகவல் கிடைத்து ஓடினேன். வனத்துறை ஆட்கள் சுற்றி நின்றார்கள், கால்நடை மருத்துவர் வரக் காத்திருந்தார்கள். நான் இன்ன வேலை செய்கிறவன் என்று சொல்லிக் கேட்டதும், தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மடியில் எப்போதும் வைத்திருக்கும் நூலை எடுத்து, அதன் மேல் படாமல் பிடித்து அளந்தேன். வால் இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை நாலு சாணுக்குக் கொஞ்சம் மேல். நடுவில் உள்வாங்கிய ஒரு வெட்டு. அந்த வெட்டின் ஓரம் வெற்றிலையின் ஓரம் போல மெலிந்து, சற்றே கிழிந்திருந்தது. மூக்குத் துளை இரண்டும் முகத்துக்கு முன்னால் இல்லை, முகவாயின் மேல்பக்கம் இருந்தன. ஈரத் தோல் மூடி, இரண்டு பிறை போல அடைந்து கிடந்தன. மேலுதடு குதிரை லாடம் மாதிரி அகன்று கீழ்நோக்கி மடிந்து, அதில் தென்னந்துடைப்பம் தேய்ந்தது போலக் குட்டையான முள்முடி. முதுகில் ஒற்றை ஒற்றையாக முடி, அதில் மணல் ஒட்டியிருந்தது. கைத்துடுப்பு விரிந்து கிடந்ததால் அதன் அக்குளில் காம்பு தெரிந்தது, என் சுண்டுவிரல் பருமன். பெண். அதற்குமேல் அளக்கக் கை வரவில்லை எனக்கு.

மறுவாரம் அந்தப் பூங்காவுக்குப் போய் வட்ட வாலை உளி வைத்து உடைத்து எடுத்தேன். கம்பியை அறுத்துப் புதிதாகக் கட்டி, நூலில் முடிச்சுப் போட்டு வைத்திருந்த அளவுக்கே கவட்டை வால் வைத்தேன். பெரியவரைத் தேடிப் போய்க் கூட்டி வந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாலின் வெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, பேரனைத் தூக்கி முதுகில் உட்கார வைத்தார்.

உங்கள் கொத்தனாருக்கு இன்னும் இரண்டு சொல்லுங்கள். ஆவுளியா கடலடியில் புல் மேய்கிற உயிர். ஆகவே முகம் தரையைப் பார்க்க வேண்டும், நாய் போலத் தலையைத் தூக்கி வைக்கக் கூடாது. இடம் இருந்தால் குட்டியையும் பக்கத்தில் வையுங்கள். வளர்ந்தது மூன்று மீட்டர், 400 கிலோ வரை போகும். ஆனால் 13, 14 மாதம் சுமந்து ஒரே ஒரு குட்டிதான் ஈனும், அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு வருடம் ஆகும். வலையில் ஒன்று போனால் அந்த இடம் நிரம்ப எத்தனை காலம் ஆகும் என்று பிள்ளைகளை அந்தச் சிலைக்குப் பக்கத்தில் நிறுத்திக் கணக்குப் போடச் சொல்லலாம். 2022-இல் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. நம் கரைக்கு வடக்கே, அதே கடல்.

பெயர்ப்பலகையில் கடல் பசு என்று எழுதினாலும் கீழே ஆவுளியா என்றும் எழுதுங்கள். உங்கள் பிள்ளைகளின் தாத்தாக்கள் வைத்திருக்கும் பெயர் அது.

சாயல்குடியில் எங்கள் தெருமுனைக்குச் சிங்கம் வைக்கலாம் என்கிறார்கள். சரியா?
— வாசகர், சாயல்குடி

உங்கள் பனங்காட்டில் கௌதாரி இருக்கிறது, உடும்பு இருக்கிறது, மயில் இருக்கிறது. பனைமரத்தடியில் தலை தூக்கிப் பார்க்கிற உடும்பு ஒன்றைச் செய்ய எனக்கு வெகுநாள் ஆசை. சிங்கத்தைக் கோயில் தூணிலேயே விட்டுவிடுவோம்.

கீழக்கரைக்குச் சங்குதான் அடையாளம். வலம்புரிச் சங்கு ஒன்று ஆளுயரத்துக்குச் செய்ய விரும்புகிறோம். போன முறை ஒருவர் செய்தது இடம்புரியா வலம்புரியா என்று ஊரில் பெரிய வாக்குவாதம் ஆகிவிட்டது. எப்படிச் சரிபார்ப்பது காக்கா?
— இளைஞர்கள், கீழக்கரை

தம்பிகளே, வாக்குவாதம் வந்ததில் வியப்பில்லை. சங்கை எந்தப் பக்கம் மேலாக வைத்துப் பார்க்கிறோம் என்பதில்தான் குழப்பம். சுருள் முடியும் கூர்முனையைக் கீழே வைத்து, நீண்ட மூக்குப் பகுதியை மேலே தூக்கி, வாயை உங்களைப் பார்க்கத் திருப்பிப் பிடியுங்கள். வாய் உங்கள் வலப்பக்கம் திறந்தால் வலம்புரி. சாதாரணச் சங்கு இடப்பக்கம் திறக்கும். கூர்முனையை மேலே வைத்தால் இது அப்படியே தலைகீழாகிவிடும். அதனால் பேசத் தொடங்கும்போதே எந்த முனை மேலே என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு இடத்திலும் தவறு நடக்கும். செல்போனில் எடுத்த படம் சில சமயம் கண்ணாடிப் பிம்பம் போலத் திரும்பியிருக்கும், அல்லது கொத்தனார் காகிதத்தைத் திருப்பி வைத்துச் சுவரில் பிரதி எடுப்பார். அவ்வளவுதான், சாதாரணச் சங்கு வலம்புரியாக மாறிவிடும். படத்தை நம்பாமல் ஒரு நிஜச் சங்கைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்யச் சொல்லுங்கள், உங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்?

என் ஆசையையும் சொல்லிவிடுகிறேன். வலம்புரி லட்சத்தில் ஒன்று என்பார்கள். மூச்சடக்கிக் குளித்த உங்கள் பாட்டன்மார் நாள்தோறும் அள்ளி வந்தது சாதாரணச் சங்கைத்தான். அதைச் செய்யுங்கள். மேலே அந்தப் பழுப்புத் தோல் பாதி உரிந்து, உள்ளே வெள்ளை தெரிகிற மாதிரி, கடலிலிருந்து எடுத்த மேனிக்குச் செய்யுங்கள். கடையில் மெருகேற்றி வைத்த சங்கை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். குளியாளி பார்த்த சங்கை ஊர்ப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

பூங்காவில் ஆமைச் சிலை மேல் ஏறினால் காவலாளி விரட்டுகிறார். சிலை மேல் ஏறுவது தப்பா மாமா?
— எட்டாம் வகுப்பு மாணவன், தொண்டி

ஏறுவதற்கென்று செய்யாத சிலை மேல் ஏறினால் அதற்கும் அடி, உனக்கும் அடி. ஏறுவதற்கென்றே செய்வது எங்கள் பொறுப்பு. உயிர்களின் சிலையைப் பீடத்தில் ஏற்றிக் கம்பி வேலி போட்டால் யாருக்காகச் செய்தோம் என்றே தெரியாமல் போகும்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரப் பூங்காவில் 1987-இல் நான்சி ஷோன் என்ற சிற்பி ஒரு தாய் வாத்தையும் எட்டுக் குஞ்சுகளையும் வெண்கலத்தில் செய்து நடைபாதையில் வரிசையாக வைத்தார். தாய் வாத்தே ஒரு மீட்டர் உயரம் இல்லை. குழந்தைகள் ஏறி உட்கார்ந்து உட்கார்ந்து வெண்கலம் பளபளத்துவிட்டது. இத்தாலியில் புளோரன்ஸ் நகரச் சந்தையில் ஒரு காட்டுப்பன்றிச் சிலை இருக்கிறது. போகிற வருகிறவர்கள் தடவித் தடவி அதன் மூக்கு மட்டும் பொன் போல மின்னும்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். மாமல்லபுரம் போனால் அருச்சுனன் தவப் பாறையில் ஒரு மானைத் தேடிப் பார். பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கும். அங்கேயே தனிக் கல்லில் ஒரு குரங்குக் குடும்பம்: அம்மா குட்டிக்குப் பால் கொடுக்கிறது, அதற்குப் பின்னால் உட்கார்ந்து ஆண் பேன் பார்க்கிறது. ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முந்தைய கை. அந்த ஆள் உளியைத் தொடுவதற்கு முன் எத்தனை நாள் குரங்குகளுக்கு எதிரில் உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

நான் ஆமை செய்தால் முதுகு உயரம் முழங்கால் அளவு, ஓடெல்லாம் வழுவழு, கூர் விளிம்பு எங்கும் கிடையாது. உன் ஊர் ஆமைக்குக் கால் எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுது. விரலும் நகமுமாக யானைக்கால் போல இருந்தால் அது கரையாமை. கடலாமைக்குத் துடுப்பு, அதிலும் முன்துடுப்பு நீளம். தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளவும் அதனால் முடியாது.

கடலோரத்தில் கட்டும் சிமென்ட் சிலை இரண்டு வருடத்தில் வெடித்துவிடுகிறது. உப்புக்காற்றில் நிற்க என்ன வழி?
— கட்டட ஒப்பந்ததாரர், பரமக்குடி

வெடிப்பது சிமென்ட் இல்லை, உள்ளே இருக்கும் கம்பி. துருவாக மாறும்போது இரும்பு பல மடங்கு ஊதும், ஊதிய துரு மேலே உள்ள பூச்சைப் பிளந்துகொண்டு வரும். உப்பு உள்ளே போகிற வழியை அடைப்பதுதான் எல்லாமே.

முதலில் தண்ணீர். நம் பக்கம் போர்த் தண்ணீர் பாதி இடத்தில் உவர். நாக்கில் வைத்துப் பார்த்துக் குடிக்க முடியாத தண்ணீரில் கலவை போடாதீர்கள். ஒரு சிலைக்கு நாலு டேங்கர் நல்ல தண்ணீர் வாங்குவது வீண் செலவில்லை. கடல் மணல் பக்கமே போகக் கூடாது, எம்-சாண்ட் வாங்குங்கள். பருத்த உடம்புப் பகுதியில் கம்பிக்கு மேல் 50 மில்லிமீட்டர் கலவையாவது நிற்க வேண்டும். கம்பியை இடைவெளி விட்டுத் தாங்கும் கவர் பிளாக் வைக்காமல் கண் மதிப்பில் கட்டினால் ஓரிடத்தில் ஐம்பது, ஓரிடத்தில் பத்து என்று வரும், அந்தப் பத்து இருக்கும் இடத்தில்தான் முதல் விரிசல்.

துடுப்பு, வால் நுனி, அலகு போன்ற மெல்லிய பகுதிகளில் 50 மில்லிமீட்டருக்கு இடமே இருக்காது. அங்கே சாதாரணக் கம்பியும் கோழிவலையும் வைத்தால் கண்டிப்பாகத் துருப்பிடிக்கும். நான் அந்தப் பகுதிகளுக்கு மட்டும் 316 தர ஸ்டெயின்லெஸ் கம்பி போடுகிறேன். 304 போதுமே என்பார்கள். வீட்டுப் பாத்திரத்துக்குப் போதும், மண்டபம் ஊர்க் கடற்காற்றுக்குப் போதாது, புள்ளி புள்ளியாக அரிக்கும். கட்டுக்கம்பியும் அதே தரமாக இருக்கட்டும். எல்லாவற்றையும் நல்லதாக வாங்கிவிட்டுக் கட்டுக்கம்பியில் சிக்கனம் பார்த்து இழந்த வேலை என்னிடமே உண்டு.

பூச்சு முடிந்ததும் சாக்கு நனைத்துப் போட்டு 14 நாள் ஈரம் காயாமல் வையுங்கள். திறப்பு விழாத் தேதியைக் குறித்துவிட்டு இதை ஐந்து நாளாகக் குறைக்கச் சொல்லும்போது நான் மறுத்துவிடுவேன். உள்ளே பொள்ளலாகச் செய்தால் வயிற்றின் அடியில் தண்ணீர் வடியத் துளை விடுங்கள். எனாமல் பெயின்ட் வேண்டாம். சிமென்டில் இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் தோல் உரிவது போல உரியும். ஆவுளியாவுக்கும் ஓங்கிலுக்கும் நான் பெயின்ட்டே அடிப்பதில்லை, கடைசிப் பூச்சில் கறுப்பு ஆக்சைடு கொஞ்சம் கலந்து கரணையால் தேய்த்து மெருகு ஏற்றிவிடுவேன். மழை பெய்து நனைந்ததும் அந்தச் சாம்பல் நிறம் கறுத்து, அப்போதுதான் கடலிலிருந்து எழுந்தது போல இருக்கும்.

ஆமைக்குச் சிலை வைக்கிறீர்கள். கரையில் செத்து ஒதுங்கும் ஆமையைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. சிலைக்குப் போகும் காசை அதற்குச் செலவழித்தால் என்ன அண்ணே?
— மீனவர், தேவிபட்டினம்

தம்பி, வந்த கடிதங்களில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது உங்களுடையது. சிலையால் ஓர் ஆமையும் பிழைக்காது. அதை மறைக்க மாட்டேன். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் ஆமைக்கே கொடுங்கள்.

சிலை கெடுதல் செய்ததையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒரு கடற்கரையில் மணலுக்கு மிக அருகே ஆமைச் சிலை வைத்து, அதன் மேல் வெள்ளை விளக்குகளைச் சுற்றிலும் போட்டிருந்தார்கள். என் வேலை இல்லை, பக்கத்து ஊருக்குப் போனபோது ராத்திரி பார்த்தது. மாசி கடைசி. பொரித்து வந்த குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஏறி வந்து பீடத்தைச் சுற்றிக் கிடந்தன. வெளிச்சமான பக்கம்தான் கடல் என்று அவற்றின் பிறவியில் எழுதியிருக்கிறது. இருட்டில் வானத்தோடு சேர்ந்து கடல்தானே வெளிச்சமாகத் தெரியும்? நானும் இரண்டு மீனவர்களும் விளக்கை அணைக்கச் சொல்லி அலைந்து, ஒருவழியாக அணைத்தோம். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக அலைப்பக்கம் திரும்பின. சிலவற்றை நாய் ஏற்கெனவே கவ்வியிருந்தது. அன்றிலிருந்து ஆமை ஏறும் மணலில் சிலை செய்ய மாட்டேன், எங்கே செய்தாலும் விளக்குப் போடக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்வேன். இதனால் கைவிட்டுப் போன வேலைகள் உண்டு.

அப்படியும் ஏன் செய்கிறேன் என்றால், பெயருக்காக. நம் கடலில் ஐந்து ஆமை. பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை. உங்களுக்கு ஓட்டைப் பார்த்தாலே தெரியும். அழுங்காமைக்கு ஓட்டுச் சில்லு ஒன்றன்மேல் ஒன்று ஓடு வேய்ந்தது போல ஏறியிருக்கும், ஏழுவரிக்குச் சில்லே இல்லாமல் தோல் மேல் ஏழு வரம்பு ஓடும். கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி வளரும் பிள்ளைக்கு எல்லாமே வெறும் ஆமைதான். பேர் தெரியாத ஒன்று செத்தால் யாருக்கு வலிக்கும்? ஒரு பேருந்து நிறுத்தத்தில் ஐந்தையும் வரிசையாக, அசல் அளவில், ஓட்டு வேறுபாட்டோடு செய்து, உங்கள் ஆட்கள் சொல்லும் பெயரையே எழுதி வைத்தேன். அங்கே பஸ்ஸுக்கு நிற்கும் ஒரு சிறுமி ஏழுவரியைத் தடவி ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவு. கரையில் நீங்கள் வலையை அறுத்து ஆமையை விடுகிறீர்களே, அது என் வேலையைவிடப் பெரியது.

எங்கள் ஊர் நுழைவாயிலில் பூநாரை வைத்தோம். ஒரு பருவக் காற்றிலேயே கால் விரிசல் விட்டுவிட்டது. நிறமும் செயற்கையாகத் தெரிகிறது.
— வாசகி, ஏர்வாடி

அம்மா, இரண்டுக்கும் ஒரே காரணம்தான், பறவையைப் பார்க்காமல் படத்தைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். உடம்பெல்லாம் ஒரே இளஞ்சிவப்பாக இருப்பது அமெரிக்கப் பக்கத்துப் பூநாரை. தனுஷ்கோடிக்கு வரும் பெரும்பூநாரை தூரத்தில் பார்த்தால் வெள்ளை. சிறகை விரிக்கும்போதுதான் உள்ளே அந்தச் சிவப்பும் ஓரத்தில் கறுப்பும் தெரியும். இளம்பறவை சாம்பல் நிறம். தின்னும் கூனியிலிருந்தும் பாசியிலிருந்தும்தான் மெல்ல நிறம் ஏறுகிறது. 2025 ஜூனில் தனுஷ்கோடிப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். பருவத்தில் ஒருநாள் உங்கள் கொத்தனாரை அங்கே கூட்டிப் போய்ச் சும்மா நிறுத்துங்கள், சம்பளம் கொடுத்தே நிறுத்துங்கள்.

போனால் காலுக்கும் விடை கிடைத்துவிடும். பூநாரை பெரும்பாலான நேரம் கழுத்தை நீட்டி நிமிர்ந்து நிற்பதில்லை. குனிந்து, தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழே வரும்படி தண்ணீருக்குள் வைத்து மேயும். அப்படியே செய்தால் இரண்டு காலும் அலகும் சேர்ந்து மூன்று இடத்தில் சிலை தரையைத் தொடும், காற்று எவ்வளவு அடித்தாலும் ஆடாது. காலின் நடுவில் பின்பக்கமாக மடிவது முழங்கால் இல்லை, கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் இருக்கிறது. அந்த மடிப்பில் கம்பியை ஒட்டுப்போடாமல் ஒரே கம்பியாக வளைத்துக் கொண்டுபோகச் சொல்லுங்கள். விரிசல் விட்டது அந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

நாங்கள் வைத்த ஆமைக்கு யாரோ மஞ்சள் பூசி, பூ வைத்து, சூடம் கொளுத்துகிறார்கள். தடுக்கலாமா?
— ஊராட்சி உறுப்பினர், திருப்புல்லாணி அருகே

பூவை விடுங்கள். என் அப்பா செய்த குதிரைகளுக்கும் அப்படித்தான் மாலை விழுந்தது, ஊர் ஒன்றைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும்போது அப்படிச் செய்யும். சூடத்தை மட்டும் கீழே ஒரு அகல் வைத்து அதில் ஏற்றச் சொல்லுங்கள். சிமென்ட் மேல் நேராகக் கொளுத்தினால் சூட்டில் பூச்சு விட்டுப்போகும்.

ஆவுளியாவுக்குக் காது உண்டா? நான் வரைந்த படத்தை அனுப்பியிருக்கிறேன். சரியா தப்பா சொல்லுங்கள் தாத்தா.
— மூன்றாம் வகுப்பு மாணவி, மண்டபம்

படம் கிடைத்தது கண்ணு. பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கடல் பசு என்று பெயர் இருப்பதால் பசுவுக்கு உள்ள மாதிரி காதும் கொம்பும் போட்டிருக்கிறாய். இரண்டையும் அழித்துவிடு. ஆவுளியாவுக்கு வெளியில் காது மடல் கிடையாது, கண்ணுக்குப் பின்னால் குண்டூசித் தலை போல ஒரு சின்னத் துளை, அவ்வளவுதான். அந்தத் துளையால் நன்றாகவே கேட்கும். கண்ணையும் இன்னும் சின்னதாகப் போடு. புல்லுக்குப் பச்சை அடித்திருக்கிறாயே, அது அழகாக இருக்கிறது.

வாலைத் தொடாதே. அது சரியாக இருக்கிறது.